திரை வில்லும் மெய் வில்லும்

சென்ற திங்கள் ஒரு மாலைப்பொழுதில், கரமனையில் வாழும் நம் சங்க அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். நெல்லைச் சீமையிலிருந்து தொழில் நிமித்தம் திருவனந்தபுரத்தில் குடியேறிய குடும்பம் அது. வாயிற்படி ஏறும்போதே உள்ளே அழுகுரல் கேட்டது. அவ்வீட்டுச் சிறுவன், பத்து வயதினன், பழைய குடைக்கம்பியை வளைத்துச் சணற்கயிறு கட்டி ஒரு வில் செய்திருக்கிறான். தென்னை ஈர்க்குகள் மூன்றைச் சீவி, ஒருங்கே தொடுத்து எய்திருக்கிறான். அவன் குறி வைத்தது சுவரில் தொங்கிய நாட்காட்டியை. ஓர் ஈர்க்கு சென்று தைத்ததோ தங்கையின் கன்னத்தை. கண்ணுக்கு ஓரங்குலம் கீழே!

காயம் சிறிதுதான். எனினும் அந்த ஓரங்குலத்தை எண்ணுந்தோறும் நம் நெஞ்சு நடுங்குகிறது. தந்தை கையை ஓங்கினார், நாம் தடுத்துவிட்டோம். சிறுவன் தேம்பிக்கொண்டே நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"தாத்தா, படத்திலே மூணு அம்பும் போய்க் குத்துதே! என் அம்பு மட்டும் ஏன் தப்பிப் போச்சு?"

அவன் குறிப்பிட்டது 2017ஆம் ஆண்டில் வெளிவந்த பாகுபலி இரண்டாம் பாகத்தை. பகைவர் சூழ்ந்து வரும் வேளையில், மூன்று அம்புகளை விரலிடுக்கில் வைத்து எய்யும் வித்தையை நாயகன் தேவசேனைக்குக் கற்பிக்கும் காட்சி அது. முந்தைய நாள் அதைத் தொலைக்காட்சியில் கண்டிருக்கிறான். கேள்வி நியாயமானதே. அடியைக் காட்டிலும் விடையே அவனுக்கு உரியது என்று எண்ணி, நமக்குத் தெரிந்தவற்றைக் கூறினோம். அவற்றை இங்கும் எழுதுகிறோம். இத்தகைய வில்லாளிகள் நம் அன்பர்கள் பலரது வீடுகளிலும் இருப்பர் அன்றோ?

வில் என்பது நம் கைவலிமையைச் சேமித்து வைத்து, ஒரு நொடியில் திருப்பித் தரும் கருவி. நாம் இட்டதற்கு மேல் அது தராது. ஓர் அம்புக்குரிய விசையை மூன்று அம்புகள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றின் வேகமும் வெகுவாகக் குறையும். நாணின் நடுவில் பொருந்தியது ஒருவாறு நேரே செல்லினும், மற்றவை விலகி ஓடும். தங்கையின் கன்னத்தைத் தேடிச் சென்றது அவ்வாறு விலகிய ஈர்க்கே.

நாண் இழுப்பதும் எளிதன்று. இக்காலத்து ஒலிம்பிக் பந்தயத்தில் ஆடவர் இழுக்கும் வில், ஏறக்குறைய 20 கிலோ எடையைத் தூக்குவதற்கு நிகரான வலிமையை வேண்டும். முதற்சுற்றில் ஒருவர் 72 அம்புகள் எய்ய வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றரை டன் எடையை விரல்களால் இழுத்த கணக்காகும். இலக்கோ 70 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதன் நடுவே பத்துப் புள்ளி பெறும் வட்டம் 12.2 சென்டிமீட்டர் அகலமே உடையது. அத்தொலைவைக் கடக்க அம்புக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் பூமி அதனைக் கீழே இழுத்துவிடும். ஆதலின் சற்றே மேல்நோக்கி எய்தல் வேண்டும்.

பழைய போர் விற்கள் இவற்றினும் கடியவை. 1545ஆம் ஆண்டில் மூழ்கி, 1982ஆம் ஆண்டில் கடலினின்றும் மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட விற்கள் கிடைத்தன. அவற்றுள் பல 45 கிலோவுக்கும் மேற்பட்ட இழுவலிமை வேண்டுபவை என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். அக்கப்பலில் வில்லாளிகளுடையவை என்று கருதப்படும் எலும்புக்கூடுகளில், இளமை முதல் வில் இழுத்ததன் அடையாளம் தோள் எலும்பிலேயே காணப்படுகிறது. நம் திரை நாயகர்களோ நாணைக் காதளவு இழுத்து நிறுத்திக்கொண்டு ஒரு பக்க வசனத்தைப் பேசி முடிக்கிறார்கள்! அவர்களது தூணியில் அம்பு தீர்வதில்லை. கையில் நடுக்கம் தோன்றுவதில்லை.

படம் எடுப்போரை நாம் பழிக்கவில்லை. மனிதர் நிறைந்த படப்பிடிப்புத் தளத்தில் கூரிய அம்பை மெய்யாகவே விடுவது கொலைக்கு ஒப்பாகும். அம்பின்றி நாணை மட்டும் இழுத்து விட்டாலோ, வலிய வில் அந்த அதிர்ச்சியில் முறிந்து போகக்கூடும். ஆகவே மெல்லிய வில்லைக் கையில் கொடுத்து, அம்பைப் பிற்பாடு கணிப்பொறியால் வரைந்து சேர்க்கிறார்கள். இது அவர்களது தொழிலின் தேவை.

"கற்பனைக் கதைக்குக் கணக்கு எதற்கு?" என்று அன்பர்கள் வினவலாம். நாகர்கோவிலில் பிறந்த பி. சுப்பிரமணியம் அவர்கள் 1951ஆம் ஆண்டில் நம் நகரையடுத்த நேமத்தில் மெரிலாண்ட் படநிலையத்தைத் தொடங்கினார். அங்கிருந்து புராணப் படங்கள் பல வெளிவந்தன. முருகன் பிறந்த கதையைக் கூறும் குமாரசம்பவம் 1969ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அக்கதையில் வரும் மன்மதனின் கரும்பு வில்லுக்கு இழுவலிமை என்ன என்று எவரும் கேட்பதில்லை. அது தெய்வ லீலை என்பதைக் குழந்தையும் அறியும். நம் புறநானூற்றிலும், வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை முதலாக விலங்குகள் பலவற்றை ஊடுருவிச் சென்றதாகப் புலவர் பாடுகிறார். அது மிகையே. ஆனால் அந்த மிகை ஓரியின் தோள்வலியைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இக்காலத் திரையின் மிகையோ தோளுக்கு வேலையே இல்லை என்று காட்டுகிறது. நாம் கவலைப்படுவது இந்த வேறுபாட்டைக் குறித்தே.

அருஞ்செயலை எளிதென்று கண்டு பழகிய கண்ணுக்கு, மெய்யான அருஞ்செயல் சிறிதாகத் தோன்றும். நாம் வாழும் இக்கேரள நாட்டின் வரலாற்றையே பாருங்கள். 1802ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், வயநாட்டில் பனமரம் என்னும் இடத்தில் இருந்த கும்பினிப் படையினரின் நிலையம் தாக்கி அழிக்கப்பட்டது. பழசி மன்னரின் தளபதி எடச்சேன குங்கனும், தலைக்கல் சந்துவும் முன்னின்று நடத்திய தாக்குதல் அது. வில்லேந்திய குறிச்சிய மலைமக்களே அவர்தம் படை. எதிரே நின்றவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. சந்து 1805ஆம் ஆண்டில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் பழசி மன்னரும் மாண்டார். ஹரிஹரன் இயக்கத்தில், எம். டி. வாசுதேவன் நாயர் எழுத, 2009ஆம் ஆண்டில் வெளிவந்த பழசிராஜா படம் இவ்வரலாற்றைக் கூறுகிறது. ஓர் அம்பெய்தவுடன் அடுத்ததைத் தொடுக்கும் வரையில் தன் உயிருக்குக் காப்பில்லை என்பதை அறிந்தும் நின்றவர்கள் அக்குறிச்சியர். ஒரே இழுப்பில் மும்மூவரை வீழ்த்தும் நாயகனைக் கண்டு பழகிய நம் பிள்ளைகள், அவர்களது துணிவை எவ்வாறு அளந்தறிவார்கள்?

இன்னொன்றும் அச்சிறுவனுக்குச் சொன்னோம். ஜம்மு காஷ்மீரத்துக் கிஷ்ட்வார் மாவட்டத்தைச் சேர்ந்த ஷீத்தல் தேவி பிறவியிலேயே இரு கைகளும் இல்லாதவர். காலால் வில்லைத் தாங்கி, தோளால் நாணை இழுத்து, தாடையின் உதவியால் அம்பை விடுகிறார். 2023ஆம் ஆண்டில் ஹாங்சோ நகரில் நடந்த மாற்றுத்திறனாளிகளுக்கான ஆசிய விளையாட்டில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். 2024ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், தம் பதினேழாம் வயதில், ராகேஷ் குமாருடன் இணைந்து கலப்பு அணிப் போட்டியில் வெண்கலம் பெற்றார். சிறுவன் அழுகையை மறந்து, "இது எந்தப் படம், தாத்தா?" என்று கேட்டான். படமன்று, மெய் என்று அவனை நம்பச் செய்வதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது!

அவன் தந்தையாரிடம் நாம் கூறிய யோசனையை மற்ற பெற்றோர்க்கும் கூறுகிறோம். படங்களைப் பிள்ளைகளுடன் அமர்ந்து பாருங்கள். எது வித்தை, எது மெய் என்பதை அப்போதே சொல்லுங்கள். வில் விளையாட வேண்டுமாயின் முனை மழுங்கிய அம்பு, திறந்த வெளி, பெரியவர் ஒருவர் துணை ஆகிய மூன்றும் இருக்கட்டும். எதிரே ஆள் நிற்கையில் நாணில் கை வைக்கலாகாது என்பதே முதற்பாடமாகட்டும்.

மேலும், நம் நகரிலேயே ஆண்டுக்கு இருமுறை ஒரு மெய்யான அம்பைக் காணலாம். பத்மநாபசுவாமி திருக்கோயிலின் ஐப்பசித் திருவிழாவிலும் பங்குனித் திருவிழாவிலும், ஆராட்டுக்கு முந்தைய இரவு பள்ளிவேட்டை நடைபெறும். சுவாமி ஊர்வலம் வாத்திய முழக்கமின்றிக் கோட்டைப் பகுதியிலுள்ள சுந்தரவிலாசம் அரண்மனை முன்பு வந்து நிற்கும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் வில்லேந்தி, ஓர் இளநீரைக் குறி வைத்து எய்வார். கூடியிருப்போர் அனைவரும் பேச்சடங்கி நிற்பர்.

வரும் திருவிழாவிற்கு அச்சிறுவனையும், கன்னத்துக் காயம் ஆறிய அவன் தங்கையையும் அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கிறோம். உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.