நாளுக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு

ஓட்டுக்குப் பணம் வாங்குவது தமிழ்நாட்டு ஏழைக்கே உரிய நோய் என்று கனதனவான்களின் பத்திரிகைகள் வருஷந்தோறும் எழுதுகின்றன. அந்த ஏழைக்குப் புத்தி சொல்ல அவை உதாரணம் காட்டுவது அமெரிக்காவை. அங்கே நடந்ததைப் பார்ப்போம். 2024 ஜனாதிபதித் தேர்தலில் இழுபறியாக இருந்த ஏழு மாகாணங்களில், ஒரு மனுவில் கையெழுத்திட்ட பதிவு பெற்ற வாக்காளர்களில் தினம் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக எலான் மஸ்க் என்ற கோடீஸ்வரர் அறிவித்தார். பிலடெல்பியா நீதிமன்றம் இதைத் தடுக்க மறுத்து விட்டது. டிரம்பை ஜெயிக்க வைக்க அவர் கொட்டிய தொகை 25 கோடி டாலருக்கு மேல். கம்பெனிகள் தேர்தலில் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 2010லேயே வழி திறந்து விட்டிருந்தது. ஆகவே நோயின் பிறப்பிடம் சேரியோ குடிசையோ அல்ல.

நம் ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். 2011ல் இங்கே ஜெயலலிதா 41,848 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2014 செப்டம்பரில் சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை பெற்றுப் பதவி இழந்தார். ஊழல் வழக்கினால் காலியான ஸ்தானம் அது. 2015 பிப்ரவரி 13ல் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய கட்சி அபேட்சகர் வளர்மதி ஜெயித்த வித்தியாசம் 96,516. தண்டனைக்குப் பின் வித்தியாசம் இரட்டிப்புக்கு மேல் போயிற்று! காங்கிரசும், பா.ம.க.வும், ம.தி.மு.க.வும் களத்துக்கே வரவில்லை. நின்ற பா.ஜ.க.வும் மார்க்சிஸ்ட் கட்சியும் டெபாசிட் இழந்தன. மந்திரிகள் வந்து தெருத் தெருவாகச் சுற்றினார்கள். பணப் பட்டுவாடாப் புகார்கள் எழுந்தன. இது ஒரு தொகுதியின் கதை மட்டுமல்ல. 2009ல் திருமங்கலம் இதற்கு ஒரு பெயரே சூட்டிக் கொடுத்தது. 2016ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017ல் ஆர்.கே.நகரிலும், 2019ல் வேலூரிலும் பணத்தின் காரணமாகவே தேர்தல் நிறுத்தப்பட்டது.

அந்தநல்லூர் வாழைத்தோப்பில் தார் சுமக்கும் தொழிலாளியைக் கேட்டால் என்ன சொல்கிறார்? "அது அவன் பணமா? நம்மிடம் அடித்ததுதானே. திரும்பி வருகிறபோது ஏன் விட வேண்டும்?" இதில் நியாயம் இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் கணக்கு சரியாக இருக்கிறதா? ஓர் ஓட்டுக்கு 2,000 ரூபாய் என்றே வைத்துக் கொள்வோம். ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் நாளுக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு; பாதி டீக்குக் கூடக் காணாது. கொடுத்தவன் போட்ட முதலை வட்டியோடு எடுக்காமல் விடுவானா? ஆற்று மணலிலும் ரோடு காண்டிராக்டிலும்தான் எடுப்பான். 1836ல் கட்டிய முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22ந் தேதி ஒன்பது மதகுகள் அடித்துக் கொண்டு போயின. கடைமடை வயல் காய்ந்து கிடக்க, தண்ணீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்கு ஓடிற்று. இதைக் கேட்கப் போகிறவனிடம் "ஓட்டுக்குத்தான் பணம் வாங்கி விட்டாயே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் வாய் அடைத்து விடும்.

"பணத்தை வாங்கிக் கொள்ளுங்கள், ஓட்டை மனச்சாட்சிப்படி போடுங்கள்" என்று சில தலைவர்கள் மேடையில் யோசனை கூறுகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. இவர்கள் கிராமத்தை அறியாதவர்கள். கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் வாங்கிக் கொண்டு பணம் கொடுப்பதை அறியாதவர்கள். சொன்ன சொல் தவறக் கூடாது என்ற உழைப்பாளியின் நாணயத்தையே அவன் கைக்கு விலங்காக்குகிறார்கள். மேலும் சட்டத்தின் கண்ணில் கொடுப்பவனும் குற்றவாளி, வாங்குபவனும் குற்றவாளி. பிடிபடுவது எப்போதும் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திருச்சி ஒரு காலத்தில் வேறு விதமாகவும் ஓட்டுப் போட்டிருக்கிறது. 1946 செப்டம்பர் 5ல் பொன்மலையில் ஐந்து ரயில்வேத் தொழிலாளர்களின் ரத்தம் சிந்திய ஊர் இது. 1962லும் 1967லும் அனந்தநம்பியாரையும், 1971லும் 1977லும் எம்.கல்யாணசுந்தரத்தையும் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. கூட்டணிகளின் பங்கு அதில் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்நாளில் உண்டியல் தொழிலாளி கையிலிருந்து அபேட்சகரிடம் போயிற்று. இன்று போல எதிர்த்திசையில் வரவில்லை. ஓட்டினால் ஆகக் கூடியது என்ன என்பதற்கு இன்னொரு சான்று: 2004ல் பார்லிமெண்டில் இடதுசாரிகள் அறுபது பேர் அளவில் இருந்தார்கள். அவர்களுடைய ஆதரவில் நின்ற சர்க்கார் 2005ல் நூறு நாள் வேலைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. வேலை கேட்பது பிச்சையல்ல, சட்டப்படியான உரிமை என்று விவசாயத் தொழிலாளி அன்றுதான் சொல்ல முடிந்தது.

பணத்தை விடப் பயம் பெரிது என்பதையும் கவனிக்க வேண்டும். தனி மனிதன் யாருக்குப் போட்டான் என்பது தெரியாது. மிஷினில் ஏழு விநாடி தெரியும் சீட்டு பெட்டிக்குள் விழுந்து விடும். ஆனால் சாவடி வாரியாக எண்ணிக்கை வெளியாகிறது. ஒரு சேரிக்கு ஒரு சாவடி என்றால், எந்தத் தெரு "ஏமாற்றியது" என்பது மறுநாளே ஊர்ப் பெரிய மனிதருக்குத் தெரிந்து போகிறது. பிறகு குழாயில் தண்ணீர் வராது, தோப்பில் வேலை இருக்காது. பல சாவடிகளின் ஓட்டைச் சேர்த்து எண்ணும் கருவி வேண்டும் என்று தேர்தல் கமிஷனே 2008ல் யோசனை கூறியது. 2015ல் சட்டக் கமிஷனும் சிபாரிசு செய்தது. மத்திய சர்க்கார் ஏற்கவில்லை. எந்தத் தெரு யாருடையது என்ற கணக்கு பெரிய கட்சிகளுக்குத் தேவைப்படுகிறது போலும்.

1950ல் வந்த அரசியல் சட்டத்தின்படி மிராசுதாருக்கும் ஓர் ஓட்டு, அவர் பண்ணையாளுக்கும் ஓர் ஓட்டு. அந்த ஓட்டை ஒளிவு மறைவாகப் போட வழி செய்யச் சொல்வது அதிகப்படியான கோரிக்கை அல்ல. சேர்த்து எண்ண வேண்டும் என்ற தீர்மானத்தை ஆலைவாயில் கூட்டங்களிலும், மே 1 அன்று கூடும் கிராம சபைகளிலும் நம் சங்கங்கள் கொண்டு வர வேண்டும். மணிகண்டம், அந்தநல்லூர் ஒன்றியங்களில் இந்த வேலையைத் துவக்கலாம்.