கேள்வி கோணினால் கணக்கும் கோணும்

ஜெராம் வட்டாரத் தோட்டங்களில் சங்கம் மீண்டும் ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் கேள்வித்தாளை எழுதுமுன் ஒரு வார்த்தை. நான் ஒரு கிராணி. செக்ரோல் எழுதிப் பழகிய கை. அந்தக் கை செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் நானே கேள்வித்தாள் தயாரித்து லயம் லயமாகச் சென்றேன். "சென்ற மாதம் எத்தனை நாள் வேலை செய்யவில்லை?" என்பது முதற்கேள்வி. ஆறு நாள், எட்டு நாள் என்று மக்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். பேச்சுவார்த்தை மேசையில் தாளை வைத்தோம். நிர்வாகத் தரப்பினர் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் ஆட்கள் வேலைக்கு வருவதில்லை என்று உங்கள் சங்கமே எழுதியிருக்கிறதே!" என்றார்கள். எங்களுக்கு வாய் அடைத்துவிட்டது.

நடந்தது என்ன? பாதி நாள் விடியற்காலை மழை. ஈர மரத்தில் கத்தி வைக்க முடியாது. சில நாள் பெரட்டுக்கு வந்து நின்றவர்களை வேலை இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். சொந்தக் காரியமாக நின்றது ஒன்றிரண்டு நாள்தான். மூன்றையும் என் கேள்வி ஒரே சாக்கில் கட்டிவிட்டது.

இது சிறு விஷயமா? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, நாட்கணக்கில் சம்பளம் பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும், தவறினால் குறைந்த நாட்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே வேலை கொடுக்கப்படாத நாள் எத்தனை என்பது தனிக் கேள்வி. மழையால் வெட்டு நின்ற நாள் வேறு. தாமாக வராத நாள் வேறு. மூன்றுக்கும் மூன்று கட்டம் போட்டிருந்தால், அன்று மேசையில் எங்களுக்குப் பேச்சு இருந்திருக்கும்.

எல்லாக் கேள்விகளையும் நாமே புதிதாகக் கட்டவும் வேண்டியதில்லை. நம் நாட்டுப் புள்ளிவிவர இலாகா 1974 முதல் தொழிலாளர் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. அனைத்துலகத் தொழிலாளர் ஸ்தாபனமும் மாதிரிக் கேள்வித்தாள்களை வெளியிட்டிருக்கிறது. அவை கேட்டுப் பார்த்துத் திருத்திய கேள்விகள். அவற்றை எடுத்துக்கொண்டால் நம் தோட்டத்துக் கணக்கை நாட்டுக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். "சங்கம் ஜோடித்த கேள்வி" என்று தள்ளிவிடவும் முடியாது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. இலாகாவின் கணக்கில், குறிப்பிட்ட வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவரும் வேலையில் இருப்பவரே. மழை வாரத்தில் இரண்டு காலை மட்டும் மரம் வெட்டியவரும் அதில் சேர்வார். அது பொய்யில்லை, ஆனால் அவர் வீட்டு அடுப்பின் கதை அதில் தெரியாது. அதே கணக்கெடுப்பில், வாரம் 30 மணிக்குக் குறைவாக வேலை கிடைத்து, மேலும் உழைக்கத் தயாராக இருப்பவரைத் தனியே எண்ணுகிறார்கள். முதற்கேள்வியை எடுத்தால் இதையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

"தண்ணீரும் மின்சாரமும் ஒழுங்காக வருகிறதா?" என்று இரண்டை ஒன்றாகக் கேட்காதீர்கள். தண்ணீர் வந்து மின்சாரம் வராதவர் என்ன சொல்வார்? "வீடு மோசம்தானே?" என்று பதிலை வாயில் ஊட்டாதீர்கள். சென்ற மழைக்குக் கூரை எத்தனை இடத்தில் ஒழுகியது என்று கேளுங்கள், எண்ணிச் சொல்வார்கள்.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். பகலில் தன் பேரைக் குறிக்கும் கிராணியிடம் மாலையில் யார் மனம் திறப்பார்? கிராணி நண்பர்களே, நம் தோட்டத்தை விட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்க் கேட்போம். தாளில் பெயர் வேண்டாம். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தோழர்களிடம் அவரவர் மொழியில் கேட்க ஆள் தேடுவோம்.

கடைசியாக ஒன்று. அச்சுக்குப் போகுமுன் பத்துக் குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள். ஒரே கேள்வியை இருவர் இருவிதமாகப் புரிந்துகொண்டால் குற்றம் கேள்வியில்தான். பால் வெட்டும் பெண்கள் நால்வர் அதை வாசித்துத் திருத்தட்டும். மொட்டைக் கத்தி பட்டையைக் காயப்படுத்தும், பால் தராது என்பதை அவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.