அதிகாரத்தை எடுத்துக்கொண்டீர்கள், தேர்தலை ஏன் விட்டுவைத்தீர்கள்?

கலிபோர்னியா மாநில செனட், அசெம்பிளி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

2022 நவம்பர் 8 தேர்தலில் கலிபோர்னியாவில் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தோம். அடுத்த கவர்னர் யார் என்பது அன்று இரவே தெரிந்துவிட்டது. அதே வாக்குச்சீட்டில் மாநில வரிச் சமன்பாட்டு வாரியத்துக்கும், அதாவது ஸ்டேட் போர்டு ஆஃப் ஈக்வலைசேஷனுக்கும், நான்கு மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. அதில் யார் வென்றார்கள் என்று என் நண்பர்களில் யாரைக் கேட்டாலும் பதில் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குறை உங்களிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முடிவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உட்பகுதிக் கவுண்டிகள் நிறைந்த முதல் மாவட்டத்தில் குடியரசுக் கட்சியின் டெட் கெய்ன்ஸ் மறுபடியும் வென்றார். சான் பிரான்சிஸ்கோவும் சிலிக்கான் பள்ளத்தாக்கும் அடங்கிய இரண்டாம் மாவட்டத்தில் ஜனநாயகக் கட்சியின் சாலி லீபர் வென்றார். லாஸ் ஏஞ்சலஸை மையமாகக் கொண்ட மூன்றாம் மாவட்டம் டோனி வாஸ்க்வெஸுக்கு. சான் டியாகோ இருக்கும் தென்கோடியான நான்காம் மாவட்டம் மைக் ஷேஃபருக்கு. வாரியத்தின் ஐந்தாவது நாற்காலி தேர்தலே இல்லாமல் மாநில கன்ட்ரோலருக்குப் போகிறது.

நான்காம் மாவட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜூனில் நடந்த முதற்கட்டத் தேர்தலில் குடியரசுக் கட்சியினர் பலர் ஒரே நேரத்தில் நின்றார்கள். அவர்கள் வாக்குகள் சிதறின. கட்சி பார்க்காமல் முதல் இரண்டு இடம் பிடித்தவர்களே இறுதிச் சுற்றுக்குப் போகலாம் என்பது 2010-இல் 14-ஆம் முன்மொழிவு மூலம் மக்களே ஏற்றுக்கொண்ட விதி. ஆகவே நவம்பரில் அந்த மாவட்டத்து மக்கள் முன் வந்தவர்கள் இருவருமே ஜனநாயகக் கட்சிக்காரர்கள்: ஷேஃபரும் டேவிட் டாட்சனும். குடியரசுக் கட்சிக்கு லட்சக்கணக்கில் ஆதரவாளர்கள் உள்ள பகுதி அது. அங்கே அந்தக் கட்சிக்கு ஒரு பெயர்கூட இல்லை. கவர்னர் தேர்தலில் இப்படி நடந்திருந்தால் மாநிலமே அமளிப்பட்டிருக்கும். இங்கே சலசலப்புகூட எழவில்லை. ஏன் எழவில்லை என்பதற்கான பதில் 2017-இல் நீங்கள் செய்த காரியத்தில் இருக்கிறது.

அதற்கு முன் இந்த வாரியம் என்னவாக இருந்தது என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1879-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் இடம்பெற்ற அமைப்பு இது. ஒரு கவுண்டியில் நிலத்துக்குக் குறைவாகவும் பக்கத்துக் கவுண்டியில் கூடுதலாகவும் மதிப்புப் போட்டு, வரிச்சுமையில் ஏற்றத்தாழ்வு வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முதல் வேலை. 1933-இல் விற்பனை வரி வந்தபோது அதை வசூலிக்கும் பொறுப்பும் வாரியத்திடம் வந்தது. பெட்ரோல் வரி, சிகரெட் வரி என்று வேறு பலவும் அதனிடம் இருந்தன. பிரான்சைஸ் டாக்ஸ் போர்டு விதித்த வருமான வரியை எதிர்த்து மேல்முறையீடு செய்பவர்களும் கடைசியில் இந்த ஐந்து பேர் முன்தான் நின்றார்கள். ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 6,000 கோடி டாலர் இந்த வாரியத்தின் கை வழியாகப் போனது. அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இப்படியொரு வரி வாரியம் இல்லை.

அந்த வாரியம் ஒழுங்காக நடந்தது என்று நான் வாதாட வரவில்லை. பல கோடி டாலர் விற்பனை வரி தவறான கணக்குகளில் சேர்ந்ததைத் தணிக்கை வெளிக்கொண்டு வந்தது. 2017 மார்ச்சில் மாநில நிதித் துறை ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. உறுப்பினர்கள் அன்றாட நிர்வாகத்தில் தலையிட்டதையும், வருவாய்ப் பணி செய்ய வேண்டிய ஊழியர்கள் உறுப்பினர்களின் நிகழ்ச்சிகளுக்கு அனுப்பப்பட்டதையும் அது விவரித்தது. வழக்கைக் கேட்கும் உறுப்பினர், அந்த வழக்கில் தொடர்புடையவரிடம் 250 டாலரோ அதற்கு மேலோ தேர்தல் நன்கொடை வாங்கியிருந்தால் விலகிக்கொள்ள வேண்டும் என்று 1990-இலேயே சட்டம் இருந்தது. நன்கொடைகள் 249 டாலராக வந்தன. தவறு இருந்தது, திருத்த வேண்டியிருந்தது. இதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

நீங்கள் திருத்திய விதம்தான் என் ஆற்றாமை. வரவுசெலவுத் திட்டத்தோடு சேர்த்து ஒரு மசோதா. 2017 ஜூன் 15 அன்று நிறைவேற்றினீர்கள். 27-ஆம் தேதி கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். ஜூலை 1 அன்று புதிய வரி மற்றும் கட்டண நிர்வாகத் துறை பிறந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களில் பெரும்பாலோர் அங்கே மாற்றப்பட்டார்கள். மேல்முறையீடுகள் 2018 ஜனவரியிலிருந்து வரி மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் போயின. ஒரு நூற்றாண்டுக்கு மேல் மக்கள் வாக்கால் நடந்த அமைப்பு, மக்களை ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டே வாரத்தில் கரைந்தது.

அரசியலமைப்பில் எழுதியிருப்பதை மட்டும் உங்களால் எடுக்க முடியவில்லை. அதை எடுக்க மக்கள் வாக்கு வேண்டும். ஆகவே 58 கவுண்டி மதிப்பீட்டாளர்களை மேற்பார்வையிடுவது, ரயில்வே, மின்சாரம், தொலைபேசி நிறுவனங்களின் சொத்துக்கு ஆண்டுதோறும் மதிப்பு நிர்ணயிப்பது, மது வரி, காப்பீட்டு நிறுவன வரி ஆகியவை வாரியத்திடம் தங்கின. இவை ஒன்றுமில்லாத வேலைகள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெற்றோரின் வீடு பிள்ளைகளுக்கு வரும்போது பழைய மதிப்பீடு தொடருமா என்பதை 2020-இல் 19-ஆம் முன்மொழிவு மாற்றி எழுதியது. அது நடைமுறையில் எப்படிப் பொருந்தும் என்பதற்கு விதிகளும் வழிகாட்டுதலும் இந்த வாரியத்திலிருந்துதான் வந்தன. ஆனால் அந்த வேலைக்குத் தேவை சொத்து வரிச் சட்டத்தில் ஊறிய அதிகாரிகள். கட்சிக் கொடியும் தேர்தல் செலவும் அதற்கு எதற்கு?

ஒரு மாவட்டத்தின் அளவை எண்ணிப் பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேர். நாலாக வகுத்தால் ஒரு மாவட்டத்தில் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர். செனட்டர்களே, உங்கள் தொகுதிகள் பத்தைச் சேர்த்தால்தான் ஒரு வாரிய மாவட்டம். அசெம்பிளி உறுப்பினர்களே, உங்கள் தொகுதிகளில் இருபது. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மாவட்டத்தைவிடச் சிறியவை. இவ்வளவு பெரிய பரப்பில் நின்று வெல்பவருக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் சம்பளம். அவர் முகத்தையோ குரலையோ வாக்காளர் அறிய வழியில்லை.

சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பது என் தொழில். அதனால் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு எனக்குத் தொலைபேசி அழைப்புகள் தொடங்கும். தபாலில் வந்த வாக்குச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துக்கொண்டு பேசுவார்கள். "அண்ணே, கவர்னருக்குப் போட்டாச்சு, ப்ரொபசிஷன் எல்லாம் படிச்சாச்சு. இந்த ஈக்வலைசேஷன்னு ஒண்ணு இருக்கே, இதுக்கு யாருக்கண்ணே போடறது? நீங்கதான் டாக்ஸ் ஆளாச்சே." வாக்குச்சீட்டில் பதவியின் பெயர், மாவட்ட எண், வேட்பாளர் பெயர், கட்சி, அவர் பார்க்கும் வேலை, அவ்வளவுதான் இருக்கும். வேட்பாளர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இவங்க ஜெயிச்சா நமக்கு என்ன செய்வாங்க?"

மளிகையோடு சிற்றுண்டியும் விற்கும் ஒருவர் இப்படித்தான் கேட்டார். அவர் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக வைத்து விற்கும் சமோசாவுக்கும் போண்டாவுக்கும் விற்பனை வரி உண்டு, வீட்டுக்கு எடுத்துப் போனாலும் உண்டு. பக்கத்து அலமாரியில் இருக்கும் முறுக்குப் பொட்டலத்துக்குக் கிடையாது. எது எந்தக் கணக்கில் சேரும் என்பதில் அவருக்குத் தணிக்கையில் தகராறு. "நான் ஓட்டுப் போட்ட மெம்பர்கிட்ட போய்ச் சொல்லலாமாண்ணே?" என்றார். 2017-க்கு முன்பென்றால் அந்த விஷயம் அந்த உறுப்பினரின் மேசைக்கே வந்திருக்கும். இப்போது அவரால் ஆவது எதுவும் இல்லை என்று நான் சொன்னபோது, "அப்ப எதுக்கண்ணே என்னைப் போடச் சொல்றாங்க?" என்று கேட்டார். அவர் குடியுரிமை வாங்கி முதல் முறையாகப் போட்ட வாக்கு அது. நீல மையில் அந்த வட்டத்தை விளிம்பு தாண்டாமல் நிரப்பியிருந்தார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அவர் சார்பிலும்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தேர்தலால் யாருக்குமே பயனில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜான் சியாங், பெட்டி யீ, மாலியா கோஹென் என்று அடுத்தடுத்து வந்த மூன்று கன்ட்ரோலர்களும் இந்த வாரியத்திலிருந்து போனவர்கள். பொருளாளர் ஃபியோனா மா இங்கிருந்து போனவர். அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போன பிராட் ஷெர்மன், ஜூடி சூ, மிஷெல் ஸ்டீல் ஆகியோரும் இங்கே இருந்தவர்கள்தான். திறமையால் உயர்ந்தவர்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. அதிகாரமிருந்த காலத்தில் இங்கே இருந்தவர்கள் வேலை பார்த்தும் காட்டினார்கள். இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஏணி. கோடிப் பேர் வாழும் மாவட்டத்தில் தன் பெயரை ஒருமுறை அச்சிட்டுக்கொள்ளும் வாய்ப்பு, அடுத்த பதவிக்குப் போட்டியிடும்போது உதவும். அதற்காக எங்கள் வாக்கைக் கேட்பது நியாயமா?

ஒவ்வொரு கவுண்டியிலும் தேர்தல் ஊழியர்கள் இந்தப் போட்டிக்கும் மற்ற போட்டிகளுக்குச் செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். உறையில் உள்ள கையெழுத்தைப் பதிவிலிருப்பதோடு ஒப்பிட்டு, தேர்தல் நாளன்று தபாலில் சேர்த்து ஒரு வாரத்துக்குள் வந்ததையும் சேர்த்து எண்ணி, சரிபார்த்து, கவுண்டி கவுண்டியாக மாநிலச் செயலருக்கு அனுப்புகிறார்கள். டிசம்பரில் அவர் சான்றளித்து வெளியிடும் முடிவு அறிக்கையில் நான்கு மாவட்டங்களுக்கும் பத்தி பத்தியாக எண்கள் நிற்கின்றன. அந்த உழைப்பைப் பார்த்து எனக்கு மரியாதைதான் வருகிறது. நேர்மையாக எண்ணப்பட்ட இத்தனை லட்சம் வாக்குகள், அவற்றின் பொருளை நீங்கள் பறித்துக்கொண்ட ஒரு பதவிக்காக விழுந்தவை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அரசியலமைப்பைத் திருத்துவது பெரிய காரியம், காலம் பிடிக்கும் என்று உங்களில் சிலர் சொல்லலாம். அப்படி ஒன்றும் இல்லை என்பதை நீங்களே நிரூபித்திருக்கிறீர்கள். ஒரே பாலினத் திருமணத்தைத் தடுத்து 2008-இல் எழுதப்பட்ட வாசகம், நீதிமன்றத் தீர்ப்புகளால் செயலிழந்த பிறகும் அரசியலமைப்பில் கிடந்தது. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அதை 3-ஆம் முன்மொழிவாக 2024 நவம்பரில் எங்கள் முன் வைத்தீர்கள். நாங்கள் நீக்கினோம். கவர்னர் கையெழுத்துகூட அதற்குத் தேவைப்படவில்லை. இந்த வாரியத்தைக் கலைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை 2023-இல் அசெம்பிளியில் ஃபில் டிங் கொண்டுவந்தார். 2024 வாக்குச்சீட்டில் பத்து முன்மொழிவுகள் இருந்தன. அவற்றில் அது இல்லை.

நான் கேட்பது இதுதான். இந்த வாரியத்தை ஒழிப்பதா, பழைய அதிகாரத்தில் ஒரு பங்கையாவது தகுந்த கட்டுப்பாடுகளோடு திருப்பிக் கொடுப்பதா என்பதை எங்களிடம் கேளுங்கள். ஒழிப்பதென்றால் சொத்து வரி மேற்பார்வை எந்தத் துறைக்குப் போகும், கவுண்டி மதிப்பீட்டாளர்கள் யாருக்குப் பதில் சொல்வார்கள் என்பதையும் அந்தத் திருத்தத்திலேயே எழுதுங்கள். வைத்துக்கொள்வதென்றால், சிறு வணிகரின் மேல்முறையீட்டையாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர் காதில் விழும்படி செய்யுங்கள். என்னைக் கேட்டால் ஒழிக்கவே வாக்களிப்பேன். என் கடைக்கார நண்பர் வேறு மாதிரி போடுவார் என்று நினைக்கிறேன். இருவரையும் கேளுங்கள். இந்தப் பதவிக்கு அடுத்த வாக்குச்சீட்டு அச்சாகும் முன் அந்தத் திருத்தத்தை உங்கள் குழு விசாரணைக்கு எடுத்தால், சாக்ரமென்டோவுக்கு வந்து சாட்சி சொல்ல நாங்கள் இருவரும் தயார்.

இப்படிக்கு,
இரண்டாம் மாவட்டத்து வாக்காளர் ஒருவர்