குண்டு பட்டிருந்தால்தான் கொடுப்பீர்களா?

"சண்டையில் காலை இழந்தவருக்குக் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? ரத்தக்கொதிப்புக்கும் வலிப்புக்கும் மனநோய்க்கும் எதற்கு மாதாமாதம் பணம்?" இராணுவ ஊனமுற்றோர் ஓய்வூதியம் என்ற பேச்சு வந்தாலே டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் இந்தக் கேள்விதான் எழுகிறது. நியாயம்போல் ஒலிக்கும் இந்த வாதம் பச்சை அநியாயம்.

இப்படிக் கேட்பவர்கள் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2015-16 முதல் 2019-20 வரை ஆண்டுதோறும் ஓய்வுபெற்ற அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேர் ஊனச் சான்றுடன் வெளியேறியதாகத் தணிக்கைத் துறை எழுதியது. அதே அறிக்கையில் சிப்பாய்கள் உள்ளிட்ட மற்றவர்களின் பங்கு 15 முதல் 18 சதவீதம்தான். மேலே யாராவது சலுகையைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் அவரைப் பிடியுங்கள். அதைச் சாக்காக வைத்து விதியை இறுக்கினால் அடி விழுவது கீழே இருக்கும் ஜவான்மேல்.

அவன் சேர்ந்த நாளை நினைத்துப் பாருங்கள். முட்டி தட்டுகிறதா, பாதம் தட்டையா, காது கேட்கிறதா, பல் எத்தனை என்று தலை முதல் கால் வரை பார்த்துத்தான் எடுக்கிறார்கள். சிறு குறை இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படி எடுத்த பையனுக்கு ஒன்பது வருடம் கழித்து வலிப்பு வருகிறது. மெடிக்கல் போர்டு கூடி, "உடல்வாகு சார்ந்த நோய், பணிக்குத் தொடர்பில்லை" என்று எழுதி வீட்டுக்கு அனுப்புகிறது. இப்படி அனுப்பப்பட்ட ஒரு சிக்னல்ஸ் படைவீரரின் வழக்கில்தான் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைத் தெளிவாக்கியது: சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், பிறகு வந்தது பணியால் வந்ததாகவே கருத வேண்டும், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. அவர் வெளியேற்றப்பட்டது 1994-இல். பத்தொன்பது ஆண்டுகள்!

இப்படி நோயோடு திரும்பியவருக்குக் கைகால் எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன, வேறு வேலை பார்க்கலாமே என்பார்கள். என்ன வேலை? பட்டாளத்திலிருந்து இளம் வயதில் திரும்புகிறவர்களில் பலருக்குக் கிடைப்பது வங்கி வாசலில் துப்பாக்கியோடு காவல், அல்லது வண்டி ஓட்டுவது. ஓட்டுநர் உரிமத்துக்கான முதல் படிவமே வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் உண்டா என்று கேட்கிறது. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் கையில் எந்த நிறுவனம் துப்பாக்கி கொடுக்கும்? வெளியில் தெரியும் காயம் இல்லாததால் ஊரார் அவரைச் சோம்பேறி என்கிறார்கள். உண்மையில் அவர் வேலை செய்ய இயலாதவர்.

பணமும் அள்ளிக் கொடுப்பதாக நினைக்கிறார்கள். நூறு சதவீத ஊனத்துக்கென்று ஓய்வூதியத்தில் தரும் பங்கான 'ஊனக்கூறு' கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். ஊனம் குறையக் குறைய அதுவும் குறையும். பணிக்குத் தொடர்பில்லை என்று எழுதிவிட்டால் அந்தக் கூறே இல்லை. பத்தாண்டு சர்வீஸ் முடிக்காதவராக இருந்தால் கையில் ஒரு பணிக்கொடையைக் கொடுத்து, ஓய்வூதியமே இல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2020-இல் வந்த ஆணைதான் அதை மாற்றியது. அதுவும் 2019 ஜனவரி 4-க்கு முன்பே வெளியேறியவர்களைக் கைவிட்டு.

இந்த ஓய்வூதியம் கேட்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் ஜெயித்தாலும் பாதுகாப்பு அமைச்சகம் மேல்முறையீட்டுக்குப் போகிறது. ஊனமுற்ற வீரர்கள்மீது தொடுத்த இத்தகைய மேல்முறையீடுகளைத் திரும்பப் பெறுங்கள் என்று 2015-இல் பாதுகாப்பு அமைச்சரே அமைத்த நிபுணர் குழு சொன்னது. அதன் பிறகும் வழக்குகள் நிற்கவில்லை. வலிப்பு மாத்திரை வாங்கவே கடன்படும் ஒருவர் டெல்லி வரை வழக்கறிஞர் வைத்துப் போராட வேண்டும் என்பது எந்த ஊர் நீதி?

2022 முதல் சேர்ந்த அக்னிவீரர்களுக்கு இந்த ஊன ஓய்வூதியமும் கிடையாது. பணியால் ஊனம் நேர்ந்தால் 100, 75, 50 சதவீதத்துக்கு முறையே 44, 25, 15 லட்சம் ரூபாய் என ஒருமுறை கருணைத்தொகை. இருபது வயதில் படுத்தவனுக்கு இன்னும் நாற்பது, ஐம்பது வருட வாழ்க்கை இருக்கிறது. மாதாமாதம் வரும் ஓய்வூதியம் அவனுக்கு இல்லை.

உங்கள் தெருவில் 'போர்டு அவுட்' ஆகி வந்தவர் யாரேனும் இருந்தால், மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூடப் போங்கள். சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. காலம் கடந்துவிட்டது என்று யார் சொன்னாலும் ஒரு வழக்கறிஞரைக் கேட்காமல் விட்டுவிட வேண்டாம்.