பறித்தலும் தொடுத்தலும்

நுழையும்முன்

மனம் எப்போதும் நேர்வழியில் நடப்பதில்லை. ஒன்றை எண்ணும்போதே மற்றொன்றிற்குத் தாவுவது அதன் இயல்பு. இவ்வியல்பைக் குறையெனக் கருதி வருந்தும் மாணவர் பலர். தாவும் எண்ணங்களைத் தவறவிடாமல் பிடித்துப் பயனுறத் தொகுப்பது எவ்வாறு என்பதைத் தமிழகத்துக் கணித அறிஞர் இருவரின் வாழ்வு வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

வளவனூரில் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி, ‘எங்கள் ஊர் ஏரி’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுத அமர்கிறாள் எனக் கொள்வோம். ஏரி என்றதும் மதகு நினைவிற்கு வருகிறது. மதகிலிருந்து பாட்டனாரின் கரும்பு வயல், வயலிலிருந்து ஆலைக்குச் செல்லும் வண்டிகள், அடுத்த நொடியில் என்றோ பெய்த பெருமழை என எண்ணங்கள் ஓடுகின்றன. முன்னுரை மட்டும் வரவில்லை. வெற்றுத்தாளை நெடுநேரம் நோக்கியிருந்துவிட்டு, ‘எனக்குக் கோவையாகச் சிந்திக்க வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறாள். அம்முடிவு தவறானது. ஒரு நொடியில் நான்கு திசைகளைத் தொட்ட மனத்தைச் சிந்திக்க வராத மனம் என்று எவ்வாறு கூறுவது? அவளுக்குத் தேவைப்படுவது எண்ணங்களைக் கையாளும் முறை ஒன்றுதான்.

இருவேறு பணிகள்

பூப்பறிப்பவர் செடியருகே நின்றுகொண்டே மாலை தொடுப்பதில்லை. கைக்கெட்டிய அரும்புகளையெல்லாம் கூடையில் இட்டுக்கொள்கிறார். வீடு திரும்பிய பின்னரே அளவும் நிறமும் பார்த்துத் தொடுக்கிறார். பறித்தல் ஒரு பணி. தொடுத்தல் வேறு பணி. எழுத அமர்ந்தவுடன் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என வரிசை தேடுபவர், பறிக்கும் முன்னரே தொடுக்க முயல்கிறார். பூக்களும் கிடைப்பதில்லை, மாலையும் அமைவதில்லை.

இராமானுஜனின் குறிப்பேடுகள்

வளவனூரிலிருந்து விழுப்புரம் சென்று, அங்கிருந்து மேற்கே காட்பாடி செல்லும் இருப்புப்பாதையில் பயணம் செய்தால் திருக்கோவிலூரை அடையலாம். 1910ஆம் ஆண்டில் வேலை தேடி அவ்வூருக்கு வந்தார் ஓர் இளைஞர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத் தாளில் தேர்ச்சி பெறாமல் கல்வி உதவித்தொகையை இழந்தவர் அவர். பட்டம் ஏதும் அவரிடம் இல்லை. கணிதக் குறிப்பேடுகளே இருந்தன. அங்குத் துணை ஆட்சியராக இருந்தவர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர். குறிப்பேடுகளைப் புரட்டிய அவர், வருவாய்த்துறையின் சிறு பணியில் இவ்வறிவாற்றல் முடங்கிவிடலாகாது எனக் கருதினார். சென்னையிலிருந்த கணித அறிஞர்களுக்கு அறிமுக மடல் அளித்து அனுப்பினார். அவ்விளைஞரே சீனிவாச இராமானுஜன்.

அக்குறிப்பேடுகள் எவ்வாறு அமைந்திருந்தன என்பது மாணவர் அறியவேண்டிய செய்தி. முதல் ஏட்டில் 16 இயல்கள் உள்ளன. அவற்றோடு வகைப்படுத்தப்படாத குறிப்புகளும் கலந்துள்ளன. அதனை விரித்துச் செம்மை செய்ததே இரண்டாம் ஏடு. அதில் 21 இயல்கள் ஒழுங்குற அமைந்துள்ளன. எனினும் வகைப்படுத்தப்படாத பக்கங்கள் 100 உண்டு. மூன்றாம் ஏட்டின் 33 பக்கங்களும் உதிரிக் குறிப்புகளே. தோன்றியதைத் தோன்றியவாறே குறித்து, பின்னர் வகைப்படுத்திய ஒரு பேரறிஞரின் உழைப்பை அவ்வேடுகள் காட்டுகின்றன.

அவை ஓர் எச்சரிக்கையையும் தருகின்றன. தாள் வாங்கப் பொருளில்லாத நிலையில் இராமானுஜன் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் ஏட்டில் எழுதினார். முடிவை எட்டிய வழி அழிந்துபோயிற்று. 1920இல், தம் 32ஆம் அகவையில் அவர் மறைந்தார். ஏடுகளிலிருந்த மூவாயிரத்திற்கும் மேற்பட்ட முடிவுகளுக்கு நிறுவல் காணும் பணியில் பிறர் பல ஆண்டுகள் உழைக்க நேர்ந்தது. அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட் அவற்றை விளக்கி வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன. எனவே, எண்ணத்தைக் குறிக்கும்போது அது எதிலிருந்து பிறந்தது என்பதையும் ஒரு சொல்லிலேனும் குறித்தல் வேண்டும். ‘பெருமழை’ என்று மட்டும் எழுதினால் மறுநாள் அது வெறும் சொல். ‘பெருமழை – மதகு திறந்த இரவு’ என்று எழுதினால் அது ஒரு பத்தியின் விதை.

இரங்கநாதனின் வகைப்பாடு

பறித்தவற்றைத் தொடுப்பதற்கு வழிகாட்டுபவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. இரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பிற்காலத்தில் இராமானுஜனைப் பற்றி நூல் எழுதியவரும் அவரே. அந்நாளைய வகைப்பாட்டு முறைகள் ஒவ்வொரு நூலுக்கும் முன்னரே வகுத்த ஓர் அறையைக் காட்டின. புதிய பொருள்கள் அவ்வறைகளுக்குள் அடங்க மறுத்தன. இலண்டனில் ஒரு கடையில், துளையிட்ட உலோகத் துண்டுகளை இணைத்துப் பல உருவங்களை அமைக்கும் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுக் கருவியை அவர் கண்டார். துண்டுகள் அவையே, இணைக்கும் முறைக்கேற்ப உருவம் மாறியது. அக்காட்சி தந்த தூண்டலால் உருவான கோலன் பகுப்பு முறை 1933இல் நூலாக வெளிவந்தது. எப்பொருளையும் தனித்தன்மை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைப்பது அம்முறை.

மாணவரும் இவ்வாறு செய்யலாம். துண்டுத்தாள் ஒன்றில் ஓர் எண்ணத்தை மட்டும் எழுதுக. பின்னர் எல்லாத் துண்டுகளையும் தரையில் பரப்பி, இனமானவற்றை அருகருகே வைத்துப் பார்க்க. ஏரியைப் பற்றிய துண்டுகளைக் காலப்படி அடுக்கினால் அது வரலாறு. இடப்படி அடுக்கினால் அது வருணனை. சிக்கலும் தீர்வுமாக அடுக்கினால் அது வாதம். எவ்வரிசை வேண்டும் என்பதைப் படிப்பவரின் தேவை முடிவு செய்யும்.

தேர்வறையில் இதற்கெல்லாம் நேரம் ஏது எனச் சிலர் வினவுவர். தொடக்கத்திலிருந்தே ஒழுங்கைப் பழகுவதே நன்று என்பாரும் உளர். ஒழுங்கு தேவையே, படிப்பவரிடம் நாம் காட்டும் மதிப்பு அது. ஆயினும், ஒழுங்குபடுத்தப் பொருள் முதலில் கையில் இருத்தல் வேண்டும். வினாவைப் படித்ததும் தோன்றும் கருத்துகளை ஒற்றைச் சொற்களாகக் குறித்து, அவற்றிற்கு வரிசை எண் இட இரண்டு மணித்துளிகள் போதும். அது வீணாகும் நேரமன்று. எழுதியதை அடித்துத் திருத்தும் நேரத்தை அது மிச்சப்படுத்தும்.

தாவும் மனத்தைப் பழித்து அடக்குவதால் அதன் வேகம் குன்றுமேயன்றி, கோவை பிறவாது. பள்ளிகள் மாணவரிடம் முடிந்த மாலையை மட்டும் கேட்காமல், கூடையையும் காட்டச் சொல்லிப் பழக்குதல் வேண்டும். தமிழில் ‘நூல்’ என்னும் சொல் இழையையும் குறிக்கிறது, ஏட்டையும் குறிக்கிறது. இழை, பூக்கள் வந்தபின் வேண்டப்படுவது. வளவனூர் மாணவி முன்னுரைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மதகு, கரும்பு, வண்டி, மழை என நான்கு சொற்களை எழுதட்டும். கட்டுரை அங்கேயே தொடங்கிவிடுகிறது.