சூத்திரம் தெரியும், கணக்கு வராது!

10-ம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்துவிட்டால் வீட்டில் ஒரே அமளிதான். 5 பாடம், 500 மதிப்பெண். பிள்ளை விடியற்காலையில் எழுந்து உரக்கப் படிக்கிறது. தகப்பனார் டெலிவிஷனை நிறுத்தி விடுகிறார்.

பிள்ளை படிக்கிறதா, ஒப்பிக்கிறதா? அதை யாரும் கேட்பது இல்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். நீளம் 10 அடி, அகலம் 10 அடி உள்ள அறைக்குத் தரை ஓடு பதிக்க 6 ஆயிரம் ரூபாய் ஆகிறது. நீளமும் அகலமும் 20 அடி ஆனால்?

"12 ஆயிரம்" என்று பட்டென்று சொல்லும் மாணவர்கள் உண்டு. சதுரத்தின் பரப்பளவுக்குச் சூத்திரம் கேட்டால், அவர்களே அட்சரம் பிசகாமல் சொல்வார்கள்!

பள்ளிக்கூடமே போகாத கொத்தனார் இதில் ஏமாற மாட்டார். முதல் அறை 100 சதுர அடி. அடுத்தது 400 சதுர அடி. ஆகவே 24 ஆயிரம் ரூபாய். அவர் தரையை மனதில் பார்க்கிறார். பையன் புத்தகத்தின் பக்கத்தைப் பார்க்கிறான்.

15 வயதுப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் "பிசா" என்ற தேர்வு நடக்கிறது. படித்ததைக் கொண்டு புதுச் சிக்கலை அவிழ்க்கச் சொல்லும் தேர்வு அது. 2009-ம் ஆண்டுச் சுற்றில் இந்தியாவில் இருந்து தமிழ்நாடும், இமாசலப்பிரதேசமும் கலந்து கொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. 70-க்கு மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில் இரண்டும் கடைசி வரிசையில் நின்றன.

கேள்விகள் நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்குப் பொருந்தாதவை என்று சமாதானம் சொல்லப்பட்டது. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் தரை ஓடு நம் ஊர்ச் சங்கதிதானே?

தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு ராங்க் பட்டியல் நிறுத்தப்பட்டது. 2018-ல் இருந்து புதிய பாடப்புத்தகங்கள் வந்தன. நல்ல காரியம்தான். ஆனாலும் தேர்வில் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால், "பாடத்தில் இல்லாத கேள்வி" என்ற கூச்சல் எழுகிறது.

மனப்பாடமே கூடாது என்பது அல்ல. வாய்ப்பாடு தெரியாமல் கணக்குப் போட முடியாது. பொருள் தெரியாமல் ஒப்பிப்பதுதான் ஆபத்து. கேள்வி மாறினால் பிள்ளை கைவிரித்து நிற்கும்.

"நாங்கள் படிக்காதவர்கள். என்ன சொல்லித் தர முடியும்?" என்பார்கள் பெற்றோர். சொல்லித்தர வேண்டாம். கேட்டால் போதும்.

சோற்றுப் பானையின் மூடியைத் திருப்பிக் காட்டி, "இந்தத் தண்ணீர் எங்கே இருந்து வந்தது?" என்று தாய் கேட்கட்டும். அறிவியல் புத்தகத்தில் பிள்ளை உருப்போட்ட பாடம் அந்த மூடியில்தான் சொட்டிக் கொண்டிருக்கிறது.