முகாமையாளர் என்ற பெயர் மட்டும் போதுமா?

கல்முனையில் ஒரு புடைவைக் கடை. வாங்கிய சாரத்தில் இழை அறுந்திருந்ததால் மாற்றச் சென்றேன். முகாமையாளர் மேசையில் இருந்த இளைஞர் விரித்துப் பார்த்தார்; குறையை ஒப்புக்கொண்டார். ஆனால் மாற்றித் தர அவரால் இயலவில்லை. முதலாளி கொழும்பில். தொலைபேசியில் அகப்படவில்லை. "நாளைக்கு வாருங்கள்" என்றார். அவர் ஒரு முகாமைத்துவப் பட்டதாரி என்பதைப் பேச்சினிடையே அறிந்தேன்.

குறை அந்த இளைஞருடையதன்று. மருதமுனை நெசவும் சாய்ந்தமருது, நிந்தவூர் வணிகமும் தனிமனித உழைப்பால் வளர்ந்தவை. கொள்வனவு, கடன், கணக்கு யாவும் முதலாளியின் தலைக்குள்ளேயே இருக்கும். ஒரு கடைக்கு அது போதும். மூன்று கிளைகளுக்குப் போதாது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி இன்று ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ, வர்த்தக பீடம் உண்டு. அங்கு படித்து வருபவரிடம் சாவியைக் கொடுக்கிறோம்; முடிவெடுக்கும் உரிமையைக் கொடுப்பதில்லை.

தலைமைத்துவம் பிறவிக்குணம் என்பார்க்கு நம் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் வாய்க்கால்கள் சிதைந்து, கடைமடைக்கு நீர் எட்டாதிருந்தது. அவ்விவசாயிகள் ஒற்றுமையற்றவர்கள் என்பதே அதிகாரிகளின் எண்ணம். கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளைக் கிராமங்களில் தங்கவைத்தன. அவர்கள் கட்டளையிடவில்லை, விவசாயிகளைக் கூடிப் பேசவைத்தார்கள். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் வாக்கெடுப்பின்றி, ஒருமித்த கருத்தால் ஒரு பிரதிநிதி தெரிவானார். வாய்க்கால்கள் சிரமதானத்தில் துப்புரவாகின. மேல்மடைச் சிங்கள விவசாயிகள் கடைமடைத் தமிழ் விவசாயிகளுக்கும் நீரை மிச்சப்படுத்தி விட்டார்கள். பின்னர் அப்பிரதிநிதிகள் அதிகாரிகளுக்குச் சமமாகக் கூட்டங்களில் அமர்ந்தார்கள். இதை நேரில் கண்ட பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் 1992இல் நூலாகவே எழுதினார்.

அவர்களைத் தலைவர்களாக்கியது சான்றிதழன்று, பொறுப்பு. ஹோட்டலில் ஒரு நாள் கருத்தரங்குக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் நூறு ரூபாய்க்கும் அனுமதி கேட்கச் சொன்னால் என்ன பயன்? ஒரு தொகை வரை அவரே முடிவெடுக்கட்டும். பெருநாள் கொள்வனவில் ஒரு பகுதியை அவர் தெரிவு செய்யட்டும். மாதம் ஒருமுறை அமர்ந்து மஷூறா செய்யுங்கள். நமக்குப் புதிய வழக்கமா அது? தவறினால் தனியே அழைத்துச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் முன் ஏசாதீர்கள்.

தொழிலைக் கற்றுக்கொண்டு எதிரே கடை திறந்துவிடுவாரே என்று அஞ்சுவோர் உண்டு. அது பொய்யான அச்சமன்று. ஆனால் வளர இடமில்லாதவரே முதலில் வெளியேறப் பார்ப்பார். கையாடலைத் தடுக்க ஒழுங்கான கணக்காய்வு இருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். ஒருவர் தலைக்குள் மட்டும் தொழிலை வைத்திருப்பதன் ஆபத்தை இக்கரையோரத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதலாளிமாரே, நீங்கள் இல்லாத நாளிலும் உங்கள் கடை திறக்க வேண்டுமானால், நீங்கள் இருக்கும்போதே இன்னொருவரை முடிவெடுக்கப் பழக்குங்கள்.